தெரியுமா? டிரை கிளட்ச்சின் திறந்த ரகசியங்கள்!

எண்ணெய் கிடையாது, மூடி கிடையாது, சுழலும் தட்டுகள் பளபளவென்று வெளியே தெரிகின்றன! ஈப்போவில் பார்த்துப் பார்த்து மாற்றியமைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று சிக்னலில் வந்து நிற்கும்போது, "என்னமோ கழன்று ஆடுகிறதே!" என்று நீங்கள் திரும்பிப் பார்த்திருக்கலாம். ஒன்றும் கழலவில்லை. டிரை கிளட்ச் பேசுகிறது! கண்ணுக்கும் காதுக்கும் தன் நலத்தைத் தானே சொல்லும் பாகம் அது. என்னென்ன சொல்கிறது என்று பார்ப்போமா?

1. அந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது, தெரியுமா?

தட்டுகளைத் தாங்கும் கிளட்ச் கூடையின் ஓரம் நெடுக வெட்டுகள் இருக்கும். உராய்வுத் தட்டுகளின் காதுகள் அவற்றில் செருகி நிற்கும். லீவரைப் பிடித்ததும் அழுத்தம் விலகித் தட்டுகள் தளர்கின்றன; காதுகள் வெட்டின் சுவரில் மோதுகின்றன. எண்ணெயில் ஊறும் கிளட்ச்சில் இந்த மோதல் அமுங்கிப்போகும். இங்கே அமுக்க எதுவுமே இல்லை! சத்தம் வரவரக் கூடினால் இடைவெளி தேய்ந்து விரிகிறது என்று பொருள். அந்தச் சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால், தட்டு அதில் சிக்கி நகர மறுக்கும், கியர் கடகடக்கும், நியூட்ரல் விழவே விழாது. கூடையை மாற்றத் தயாராகுங்கள்.

2. எண்ணெய் போனால் பிடிப்பு எத்தனை மடங்கு, தெரியுமா?

எண்ணெயில் ஓடும் தட்டுகளின் உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.1. உலர்ந்த தட்டுகளுக்கோ 0.3 முதல் 0.4 வரை! அதே விசையைக் கடத்த ஸ்பிரிங் அழுத்தம் குறைவாக இருந்தாலே போதும். எண்ணெயைக் கலக்கி வீணாகும் சக்தி மிஞ்சுகிறது. தட்டு தேய்ந்து உதிரும் தூள் இன்ஜின் எண்ணெயில் கலப்பதும் இல்லை.

3. ஊரே கைவிட்டதைப் பந்தயம் விடவில்லை, தெரியுமா?

ஹார்லி-டேவிட்சன் தன் பெரிய இன்ஜின்களுக்கு 1984 வாக்கில் எண்ணெய்க் கிளட்ச் பூட்டியது. டுகாட்டியின் 1199 பனிகாலே 2011-இல் அதே வழியில் போனது. பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் 2013-இல் மாறியது. சத்தம் குறைய வேண்டும், தேய்மானம் குறைய வேண்டும், நெரிசலில் மென்மையாக ஓட வேண்டும் என்பது சாலைக்கான கணக்கு. ஆனால் 1999 முதல் மோட்டோஜிபி நடக்கும் நம் செப்பாங்கில் பிட் லேன் பக்கம் போய் நில்லுங்கள். உலகின் அதிவேக பைக்குகள் டிரை கிளட்ச்சோடுதான் சலசலக்கின்றன! டுகாட்டியே பிறகு பனிகாலே வி4 ஆரில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

4. எஃகுத் தட்டு தன் காய்ச்சலை எழுதி வைக்கும், தெரியுமா?

உராய்வுத் தட்டுகளுக்கு நடுவே எஃகுத் தட்டுகள் இருக்கும். எஃகு ஏறத்தாழ 230 டிகிரி சூடானால் வைக்கோல் நிறம் ஏறும். 300 டிகிரியை நெருங்கினால் நீலம் பூக்கும். ஆறிய பிறகும் அந்த நிறம் அழியாது! தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் லாரிக்குப் பின்னால் அரைக் கிளட்ச்சில் ஊர்ந்தாலும், தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோவில் நெரிசலில் லீவரைப் பாதி பிடித்தபடியே நகர்ந்தாலும், தட்டு அதைப் பதிவு செய்துவிடும். நீலம் கண்டால் தட்டைக் கழற்றித் தட்டையான கண்ணாடிமேல் வையுங்கள். ஓரத்தில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா? கையேடு சொல்லும் அளவைத் தாண்டி நுழைந்தால் தட்டு கோணிவிட்டது. கோணிய தட்டோடு ஓட்டினால் கிளட்ச் அதிர்ந்து அதிர்ந்துதான் பிடிக்கும்.

5. ஒரே கிளட்ச்சில் இரண்டு ரப்பர், தெரியுமா?

பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பேராக் தோட்டங்களுக்கும் நம்மவர்களின் வாழ்க்கைக்கும் வேர்விட்ட இடம் அது! ஆனால் அந்தப் பால்மரம் தரும் இயற்கை ரப்பர் இன்ஜின் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். அதனால்தான் லீவரைப் பிடித்ததும் கிளட்ச்சை விடுவிக்கும் தள்ளுதண்டில் எண்ணெயை அடைக்கும் வளையம் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரால் ஆனது. பிரேக் திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச்சிலோ பிஸ்டன் சீலுக்கு வேறு ரகம் வேண்டும். அந்தத் திரவம் நைட்ரைலுக்கு ஆகாது. கண்டதை மாட்டினால் கசிவு நிச்சயம். ஒரு சொட்டு எண்ணெய் தட்டில் இறங்கினாலே பிடிப்பு வழுக்கத் தொடங்கும்! பிரேக் திரவம் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

6. தைப்பிங் மழை தட்டை ஒட்டவைக்கும், தெரியுமா?

ஆண்டுக்கு 4,000 மி.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்க்கும் ஊர் தைப்பிங்! மூடியில்லாத கிளட்ச் நனைந்தபடியே நாள்கணக்கில் நின்றால் எஃகில் துரு படர்ந்து தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். செம்பனைக் காட்டுச் செம்மண்ணும் தட்டுத் தூளும் ஈரத்தில் குழைந்தால் பசையாகிவிடும். மழையில் ஓட்டி வந்ததும் லீவரைப் பலமுறை பிடித்து விடுங்கள், சற்று ஓட்டி உலர்த்துங்கள். பழைய பைக்கின் தூளைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள்! அந்தக் காலத் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது; அது நுரையீரலுக்கு எமன். முகமூடி அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுங்கள்.

7. 12 வெட்டுக்குப் பதில் 48, தெரியுமா?

டுகாட்டியின் வழக்கமான டிரை கிளட்ச் கூடையில் 12 வெட்டுகள். சந்தையில் கிடைக்கும் பந்தயக் கூடைகளில் 48! சுமை நான்கு மடங்கு இடங்களில் பரவுவதால் ஒவ்வொரு காதிலும் அடி குறைகிறது, பள்ளம் விழத் தாமதமாகிறது. காசு செலவழிப்பதென்றால் வண்ண ஸ்பிரிங் மூடிக்கு முன்னால் இதற்குச் செலவழியுங்கள். தட்டடுக்கின் மொத்த உயரத்தையும் வெர்னியரால் அளந்து, குறைந்திருந்தால் தடித்த எஃகுத் தட்டு சேர்த்துச் சரிசெய்யுங்கள். மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குகூட இங்கே பேசும். உயிர்ப்படலம் காயப்படாமல் பால்மரப் பட்டையை மெல்லியதாகச் சீவிய தோட்டத்துக் கைகளின் பிள்ளைகளுக்கு இந்த நுணுக்கம் வராதா என்ன? ஸ்பிரிங் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவில் முறுக்குங்கள்.

8. திறந்திருப்பது அழகு மட்டுமல்ல, தெரியுமா?

வெப்பம் வெளியேறவும் தூள் கொட்டவும் திறப்பு வேண்டும். ஆனால் முழுக்கத் திறந்த கிளட்ச் காற்சட்டை நுனியை, ஷூ கயிற்றை, கோவிலுக்குப் போகும் நாளில் வேட்டியையோ பின்னால் அமர்ந்தவரின் முந்தானையையோ ஒரு நொடியில் இழுத்துக்கொள்ளும். குழந்தையின் விரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! பாதித் திறப்புள்ள, துளையிட்ட மூடியைப் போடுங்கள். காற்றும் வரும், அழகும் தெரியும், காலும் தப்பும். பெரிய மாற்றம் செய்யும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்டோ பத்து காஜாவோ, நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் ஒன்றை மனத்தில் வையுங்கள். மற்ற கிளட்ச்சுகள் தங்கள் நோயை மூடிக்குள் மறைக்கும். இது மறைப்பதில்லை. சத்தம், நிறம், பள்ளம், கசிவு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் குனிந்து பார்ப்பவருக்கு டிரை கிளட்ச் நடுவழியில் கைவிரிப்பது அரிது!