குறுக்கெழுத்து புதிரை கண்டுபிடித்தவருக்கு ஒரு காசு கூட கிடைக்கவில்லை!
பதிப்பித்தவர்கள் பணக்காரர் ஆனார்கள்

“இடமிருந்து வலம்”, “மேலிருந்து கீழ்” என்று கட்டம் கட்டமாக வரும் குறுக்கெழுத்து புதிரை தெரியாதவர்கள் கிடையாது. பஸ்சிலும், கடை கல்லாவிலும் பேனாவும் கையுமாக மண்டையை குடைந்து கொள்பவர்கள் ஏராளம்.

இதை கண்டுபிடித்தவர் ஒரு பத்திரிகைக்காரர். பெயர், ஆர்தர் வின்.

பிடில் வாசித்தவர்

வின், இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் நகரில் 1871-ல் பிறந்தார். 19 வயதில் அமெரிக்காவுக்கு கப்பல் ஏறினார். பிட்ஸ்பர்க் நகரில் பத்திரிகை வேலை பார்த்தார். இசைக்குழுவில் பிடிலும் வாசித்தார்.

பிறகு நியூயார்க்கில் “வேர்ல்டு” பத்திரிகையில் சேர்ந்தார். ஞாயிறு தோறும் வரும் “ஃபன்” (வேடிக்கை) என்ற இணைப்பை கவனிக்கும் வேலை.

1913-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கியது. “புதுசாக ஏதாவது போட வேண்டுமே” என்று வின் யோசித்தார். சிறு வயதில் விளையாடிய சொல் சதுர விளையாட்டு ஞாபகம் வந்தது. டிசம்பர் 21-ந் தேதி புதிர் வெளிவந்தது.

அது வைர வடிவில் இருந்தது. கறுப்பு கட்டங்கள் இல்லை. நடுவில் காலி இடம். உச்சியில் “ஃபன்” என்ற சொல்லை வின்னே நிரப்பி கொடுத்து இருந்தார்.

அச்சுப்பிழையில் வந்த பெயர்

அவர் வைத்த பெயர் “வேர்ட்-கிராஸ்”. சில வாரங்களில் அச்சில் தவறு நேர்ந்து “கிராஸ்-வேர்ட்” என்று தலைகீழாக வந்தது. அதுவே நிலைத்து விட்டது!

வாசகர்களுக்கு புதிர் பிடித்துப்போனது. அச்சுக்கோர்ப்பவர்களுக்கோ பெரிய தலைவலி. எண் மாறும், கட்டம் மாறும். ஒரு வாரம் புதிரை நிறுத்திப் பார்த்தார்கள். வாசகர்கள் சண்டைக்கு வந்து விட்டார்கள்.

புதிரின் உரிமையை பதிவு செய்ய வின் விரும்பினார். “இது கொஞ்ச நாள் மோகம்தான், வீண் செலவு” என்று நிர்வாகம் கையை விரித்து விட்டது. அங்கேதான் கோட்டை விட்டார்கள்.

பென்சிலுடன் புத்தகம்

1924-ல் சைமன், ஷூஸ்டர் என்ற 2 இளைஞர்கள் பதிப்பகம் தொடங்கினார்கள். சைமனின் அத்தை, “குறுக்கெழுத்து புத்தகம் எங்கேயாவது கிடைக்குமா?” என்று கேட்டார். அப்படி ஒன்று அதுவரை வரவே இல்லை.

உடனே அச்சடித்தார்கள். பெயர் கெட்டுவிடக்கூடாது என்று பயந்து, வேறு பதிப்பக பெயரில் வெளியிட்டார்கள். புத்தகத்தோடு ஒரு பென்சிலும் இலவசம். விலை 1 டாலர் 35 சென்ட்.

புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. புதிர் போடும் பயணிகளுக்காக ரெயிலில் அகராதி வைத்த கம்பெனியும் உண்டு.

“நியூயார்க் டைம்ஸ்” அப்போது இதை வெட்டி வேலை என்று கண்டித்தது. அதே பத்திரிகை 1942-ல் தானே புதிர் போட ஆரம்பித்தது. அதற்கு ஆசிரியர் மார்கரெட் பாரர். வின்னுக்கு பிறகு “வேர்ல்டு” புதிரை கவனித்த பெண்மணிதான் அவர்.

இத்தனை பேர் சம்பாதித்தும், கண்டுபிடித்தவருக்கு உரிமைத்தொகையாக ஒரு காசு கூட வரவில்லை. 1945 ஜனவரி 14-ந் தேதி, புளோரிடா மாநிலத்தில் வின் காலமானார். வயது 73.

செலவுக்கு யோசித்த “வேர்ல்டு” பத்திரிகை 1931-லேயே மூடப்பட்டு விட்டது. “கொஞ்ச நாள் மோகம்” மட்டும் 100 ஆண்டுகளை தாண்டியும் ஓடிக்கொண்டு இருக்கிறது.