கம்பத்துக் கன்னடம்: தொடக்கநிலைச் சொற்களும் ஒலிப்பும்

கம்பம் பள்ளத்தாக்கில் தெருவில் தமிழும் இல்லத்தில் கன்னடமும் பேசும் மக்கள் உளர். அவருள் கப்பிலியர் எனப்படும் வேளாண் குடியினரைக் கன்னடம் பேசுவோர் எனத் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார். தமிழும் மலையாளமும் சூழ்ந்த நிலத்தில் பெரும்பாலும் செவிவழியே காக்கப்பட்டு வந்த பேச்சு இது. இதனை ஆராயப் புகும் தமிழ் மாணவர், முதற்கண் பொதுக் கன்னடத்தின் அடிப்படைச் சொற்களை அறிதல் வேண்டும். ஒலியுறவுகள் நான்கனை உணரின் அம்முயற்சி எளிதாம்.

முதலாவது, தமிழின் மொழிமுதற் பகரம் இக்காலக் கன்னடத்தில் ஹகரமாகும். பால், பல், புலி, பத்து என்பன முறையே ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என வரும். பழங்கன்னடத்தில் இவையும் பகரமே பெற்றிருந்தன.

இரண்டாவது, மொழிமுதல் வகரம் பகரமாகும். வா, வேர், வில், வெல்லம் என்பன பா, பேரு, பில்லு, பெல்ல என நிற்கும். இப்பகரத்தை 'அம்பு' என்புழிப் போல மெலிந்த ஒலியாக ஒலித்தல் வேண்டும். 'பல்' என்புழிப் போல ஒலித்தல் பிழை.

மூன்றாவது, ழகரம் ளகரமாகும். ஈற்று ஐகாரம் எகரமாகும். ஏழு, கோழி என்பன ஏளு, கோளி எனவும், தலை, மனை என்பன தலெ, மனெ எனவும் வரும். மழை என்பது இரு மாற்றமும் பெற்று மளெ என்றாகும்.

நான்காவது உறவே பெரிதும் கருதத்தக்கது. செவி, சேரி என்பன கன்னடத்தில் கிவி, கேரி என வழங்கும். இங்குப் பழைய ககரத்தைக் காத்தது கன்னடமே; இகர எகரங்களின் முன் அதனைச் சகரமாக்கியது தமிழ். டகர, ளகரம் போன்ற நாமடி ஒலி அடுத்து வருமிடத்துத் தமிழிலும் ககரம் மாறவில்லை. கெடு, கேள் என்பன சான்று.

ஆகவே, பகரத்திலும் ழகரத்திலும் தமிழ் பழமை பேணிற்று; ககரத்திற் கன்னடம் பேணிற்று. இல்லங்களில் ஒலிக்கும் கன்னடத்தைத் 'திரிந்த தமிழ்' என்று கொள்ளுதல் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

களத்தில் ஆய்வாளர் ஏட்டு வடிவத்தைத் தேடுதல் கூடாது. பாலினை ஒரு மூதாட்டி 'ஹாலு' என்கின்றாரா, ஹகரம் நீங்கி 'ஆலு' என்கின்றாரா என்பதைச் செவியுற்றவாறே குறித்தல் வேண்டும். வேறுபாடு பிழையன்று, அதுவே ஆய்வுப் பொருள். எழுத்திற் பதியாத பேச்சு, பேசுவோர் அருகுந்தோறும் அருகும். அதனைக் கேட்டுப் பதிதல் இத்தலைமுறை மாணவர் கடனாம்.