ஊரும் உயிரும் – 14: பதிவேட்டில் இல்லாத ஏரி

சென்ற வாரம் வேடந்தாங்கலைப் பார்த்தோம். ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் அங்கீகாரம் வாங்கிய கதை அது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இந்த வாரம், அப்படி வயல் கணக்குச் சொல்லிக் கூட்டம் சேர்க்க முடியாத இடத்துக்கு வருவோம்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். லாரி, ஷேர் ஆட்டோ, பட்டறை, குடோன், அடுக்குமாடிகள். பல்லுயிர்ப் பாதுகாப்பு என்று இங்கே பேச்செடுத்தால், "அதெல்லாம் முதுமலைக்கு, மன்னார் வளைகுடாவுக்கு. எங்களுக்கு வாடகை, தண்ணி, கொசு, இந்த மூணுதான் கவலை" என்று பதில் வரும். நியாயமான பதில்தான். ஆனால் அந்த மூன்றில் இரண்டு, ஏரிக்குள் வாழும் உயிர்களின் கையில் இருக்கிறது.

கொசுவையே எடுத்துக்கொள்வோம். சென்னீர்குப்பத்தைத் தாண்டி வடக்கே போனால் கூவத்தைக் கடக்கிறோம். அடுத்து வருவது பருத்திப்பட்டு ஏரி. ஏறத்தாழ 87 ஏக்கர். 2019-இல் சுமார் 28 கோடி ரூபாய் செலவில் நடைபாதை, படகுச் சவாரியோடு பசுமைப் பூங்காவாக்கப்பட்டது. காலையில் நடக்க வருபவர்கள் கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் தாழைக்கோழியையும் பார்க்கிறார்கள். பெரிய வேலை நடப்பதோ தண்ணீருக்கு அடியில். தட்டான் சிறகு முளைத்துப் பறப்பதற்கு முன்பு வாரக்கணக்கில், சில வகைகள் மாதக்கணக்கில், நீருக்குள் புழுவாகக் கிடக்கிறது. அசையாமல் காத்திருக்கும். கொசுப்புழு பக்கத்தில் வந்ததும், மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டிப் பிடித்துத் தின்றுவிடும். சிறகு முளைத்த பிறகும் அதற்குக் கொசு இரைதான். நாட்டுக் கெண்டைக் குஞ்சுகளும் இதே வேலையைச் செய்கின்றன. இவற்றுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

இந்த ஏரியில் கழிவுநீர் கலப்பதும் ஆகாயத்தாமரை படர்வதும் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் புகார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடிக்குச் சாக்கடைதான் உரம். தோதான சூழல் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரு மடங்காகப் பரவும். நீர்ப்பரப்பை அது மூடிவிட்டால் உள்ளே வெளிச்சம் போகாது, ஆக்சிஜன் குறையும், மீன் சாகும், தட்டான் முட்டையிட இடம் இருக்காது. இலைகளின் இடுக்கில் தேங்கும் தண்ணீரில் கொசு மட்டும் பெருகும். பிறகு மாலையில் கொசுப்புகை அடிக்கும் வண்டி வரும். அந்தப் புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது. கொசுவைத் தின்ன வந்த தட்டானுக்கும் அதுவே எமன்.

அடுத்த கவலை தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, சென்னை மொத்தமும் குடத்தோடு தெருவில் நின்றது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் பலன் இல்லை. அந்த மாதிரி நாளில் ஓர் ஊருக்குக் கைகொடுப்பது சுற்றியுள்ள சின்ன ஏரி, குளங்கள் நிலத்தடியில் சேர்த்து வைத்த தண்ணீர்தான். கரையில் கோரையும் நாணலும் இருந்தால் மழைநீரோடு வரும் மண்ணை அவை தடுத்து நிறுத்தும். பனை வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். புல் பூண்டை எல்லாம் வழித்தெடுத்துவிட்டுக் கான்கிரீட் பூசினால் பார்க்க லட்சணமாக இருக்கும். ஏரி செய்துகொண்டிருந்த பாதி வேலை அதோடு நின்றுபோகும்.

சரி, இந்த ஊரைச் சுற்றி என்னென்ன உயிர் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கூவத்தில் 1950 வாக்கில் 49 வகை மீன்கள் இருந்ததாகவும், 1970-களின் கடைசியில் அது 21 ஆகச் சுருங்கியதாகவும் பதிவு உண்டு. யாரோ எண்ணி எழுதி வைத்ததால்தான் இழந்தது எவ்வளவு என்று நமக்குத் தெரிகிறது. எழுதி வைக்காத ஏரிகளுக்கு அந்தக் கணக்கும் கிடையாது.

இதற்காகவே ஒரு சட்டம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழு ஊர் மக்களைக் கேட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். என்ன செடி, என்ன மீன், என்ன பறவை, அதைப் பற்றி ஊருக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். பல மாநிலங்கள் பல ஆண்டுகள் இதைக் கிடப்பில் போட்டன. 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றதும் வேலை வேகம் பிடித்தது. கெடுவுக்குப் பயந்து நிரப்பும் பதிவேடு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எழுத்துக்கு என்ன பலம் என்று மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி காட்டியது. 2022 நவம்பரில் அங்கே 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசிதழில் ஏறியது. லகர் வல்லூறு முதல் சுனைகள், ஏரிகள் வரை எல்லாம் ஆவணமாயின. இரண்டே ஆண்டில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் தெருவுக்கு வந்தார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அப்போது அது சொன்ன காரணங்களில் ஒன்று, அந்தப் பல்லுயிர்த் தலத்தின் முக்கியத்துவம். காகிதம் மட்டும் இருந்திருந்தால் ஏலம் நின்றிருக்காது. காகிதம் இல்லாமல் போராடியிருந்தால், 'அது வெறும் பாறை' என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

சென்னீர்குப்பம் போன்ற இடங்களில் ஆபத்து ஒரே நாளில் ஏலமாக வராது. இன்று ஒரு வாய்க்கால், நாளை ஒரு குட்டை என்று ஒவ்வொன்றாக மண் கொட்டி மூடப்படும். அங்கே என்ன இருந்தது என்று கேட்டால், 'புதர் இருந்தது' என்பார்கள். பதிவேட்டில் விரால், நத்தைக்குத்தி நாரை, பொன்னாங்கண்ணி என்று பேர் பேராக இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பேர்கள் தெரிந்தவர்கள் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள்: கரையில் கீரை பறிக்கும் பாட்டி, தூண்டிலோடு உட்காரும் பெரியவர், பாம்பின் தடம் பார்த்தே இனம் சொல்லும் இருளர். பதிவேடு அவர்கள் வாயால் எழுதப்பட வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பதிவேடு கைக்கு வந்ததும் முதலில் உங்கள் ஏரியின் பேர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ எழுந்து கேளுங்கள்.

(தொடரும்)