முதலாம் படிவத்துக்கு ஒரு தமிழ் நாவல்

ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிகிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு குறைந்துவிடுகிறது. நல்ல நாவல் கைக்கு வரவேண்டிய வயது அதுதான்.

முதலாம், இரண்டாம் படிவப் பிள்ளைகளுக்கு நம் மலேசிய எழுத்தாளர் கே. பாலமுருகனின் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ வாங்கிக் கொடுங்கள். மர்மக் கதை என்றால் பக்கங்கள் தானாக ஓடும். அடுத்து, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. தமிழ்நாட்டின் கீழடி அகழாய்வைப் பின்னணியாகக் கொண்ட இந்த நாவல், 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றது.

நான்காம், ஐந்தாம் படிவத்தாருக்கு அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. ஜப்பானியர் ஆட்சியில், 1942–43இல், 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போட நம் தோட்டத்து மக்களைக் கொண்டுபோன கதை. படித்த பிள்ளை, “நம்ம குடும்பத்துல யாராவது சயாமுக்குப் போனாங்களா தாத்தா?” என்று கேட்டால், உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸுக்கோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ அடுத்த முறை போகும்போது, பிள்ளையைப் புத்தகக் கடைக்கும் அழைத்துப் போங்கள். புத்தகத்தை அவர்களே எடுக்கட்டும். முதல் பத்துப் பக்கத்தை நீங்களும் சேர்ந்து படியுங்கள்.