சங்கினுள் ஒரு நரம்புப் பாதை

ஆலய மணியோசை எல்லோர் காதிலும் விழும் என்றே எண்ணியிருந்தேன். மேருவில் நாங்கள் வழிபடும் கோயிலில் தீபாராதனை மணி ஒலித்தபோது, என் மடியிலிருந்த ஒன்றரை வயதுப் பேரன் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று மகளைத் தேற்றினேன். என் வார்த்தையை நம்பி ஓராண்டு வீணாயிற்று.

பின்னர் மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கியதை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வெளியில் நாம் காண்பது காதுமடல் மட்டுமே. ஒலியை உணரும் உறுப்பு, மண்டையோட்டின் பொட்டெலும்பினுள் இருக்கிறது. உடலின் மிகக் கெட்டியான எலும்புப் பகுதிகளுள் அதுவும் ஒன்று. அதனுள் சங்கு போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருப்பதே 'காக்லியா'. அதன் அடியில் சல்லடை போன்ற நுண்துளைகள் உண்டு. சுமார் 30,000 நரம்பிழைகள் அவற்றின் வழியே வந்து ஒன்றுகூடி, கேள்வி நரம்பாகின்றன.

அந்நரம்பு மூளையை நோக்கிச் செல்லும் எலும்புப் பாதையின் நீளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான். அச்சிறு பாதையில் முன்புறம் மேலே முக நரம்பும், கீழே கேள்வி நரம்பும், பின்புறம் இரண்டு சமநிலை நரம்புகளும் செல்கின்றன. ஆகவே அங்கே கட்டி வளர்ந்தால் காது மந்தத்துடன் தள்ளாட்டமும் வரக்கூடும்.

சங்கினுள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, நரம்பை நேரடியாகத் தூண்டுவதே 'காக்லியர் இம்பிளான்ட்' சிகிச்சை. நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் இதனை 1995இல் தொடங்கியது. ஆனால் கருவி பயன்பட நரம்பு வேண்டுமே! சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அப்பாதை குறுகி, நரம்பு மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். எனவே சி.டி. படத்தில் எலும்பையும், எம்.ஆர்.ஐ. படத்தில் நரம்பையும் முன்கூட்டியே பார்க்கிறார்கள். நரம்பே இல்லாதவர்களுள் சிலருக்கு மூளைத்தண்டில் கருவி பொருத்துவதும் உண்டு.

படத்தின் முடிவுக்காகக் காத்திருந்த அந்நாட்களை நான் மறக்கவில்லை. இறையருளால் பேரனுக்கு நரம்பு இருந்தது. மூன்று வயதில் சிகிச்சை நடந்தது. கருவி ஒலியைத்தான் தரும். பேச்சைப் பயிற்சிதான் தரும். இன்னும் பயில்கிறான்.

பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் உதவி தொடங்குதல் என்பது மருத்துவர்கள் வகுத்த நெறி. பெரியவர்களாகிய நாம் ஆறுதல் சொல்வதற்கு முன், குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். ஏழைக் குழந்தையின் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் உதவுவதும் ஆலயப் பணிக்கு நிகரான அறமே.

இப்போது மணி ஒலித்தால் பேரன் முதலில் என் முகத்தைப் பார்க்கிறான். பிறகு கருவறையைப் பார்க்கிறான்.