பெரிய எழுத்தில் போட்டால் தலைப்பு ஆகிவிடுமா?

கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வோர் அறிய வேண்டிய விவரம்

சங்கரன்கோவில் என்றதும் ஆடித்தபசு நினைவுக்கு வரும். கோமதி அம்மன் நினைவுக்கு வருவாள். அடுத்தபடியாக, விசைத்தறிகளின் 'தடதட' சத்தம் காதில் விழும்.

2019-ம் ஆண்டு தென்காசி மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்த ஊர் இது. தறி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். ஆய்வேடும் எழுதுகிறார்கள்.

அப்படி ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். ஆய்வேடு 80 பக்கம். நாளை காலை கொடுத்தாக வேண்டும். புரட்டிப் பார்த்த பேராசிரியர், "இரண்டாம் இயலை முதலில் வையம்மா" என்கிறார்.

ஒரே ஒரு வார்த்தைதான்! ஆனால் என்ன ஆகிறது? பக்க எண்கள் மாறிப்போகின்றன. பொருளடக்கம் பொய்யாகிவிடுகிறது. ஒரு தலைப்பு பக்கத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. எல்லாவற்றையும் கையால் திருத்த இரவு முழுவதும் கண் விழிக்க வேண்டும்.

தவறு எங்கே?

தட்டச்சு இயந்திரக் காலத்துப் பழக்கம்தான் காரணம். அந்த இயந்திரத்தில் தலைப்பை நடுவில் போட ஒரு கணக்கு உண்டு. தாளின் நடுவுக்கு வர வேண்டும். தலைப்பில் உள்ள இரண்டு எழுத்துக்கு ஒரு தட்டு வீதம் பின்னால் போக வேண்டும். பிறகுதான் அடிக்க வேண்டும். அடியில் ஒரு கோடும் போடுவார்கள்.

இயந்திரம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. கம்ப்யூட்டரிலும் இடைவெளி விசையைப் பத்து முறை தட்டித் தலைப்பை நடுவுக்குத் தள்ளுகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்குகிறார்கள், தடிப்பாக்குகிறார்கள். புதுப் பக்கம் வரும் வரை 'என்டர்' விசையைத் தட்டுகிறார்கள்.

பார்க்கிற கண்ணுக்கு அது தலைப்பு. கம்ப்யூட்டருக்கோ அது இன்னொரு வரி. கொஞ்சம் பருத்த வரி. அவ்வளவுதான்!

சேலையில் கரையைச் சேர்த்து நெய்வது வேறு. நெய்த பிறகு சாயத்தால் கோடு இழுப்பது வேறு. இது சங்கரன்கோவிலில் சிறு பிள்ளைக்கும் தெரியும். தலைப்பையும் கரை போலச் சேர்த்து நெய்ய வேண்டும்.

எப்படி நெய்வது?

'வேர்டு' என்ற மென்பொருள் 1983-ல் வந்தது. காசில்லாமல் கிடைக்கும் 'லிப்ரே ஆபீஸ்' 2010-ல் தொடங்கப்பட்டது. இரண்டிலும் 'ஸ்டைல்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் 'ஹெடிங் 1' என்பது இயல் தலைப்பு. 'ஹெடிங் 2' என்பது உள்தலைப்பு. தலைப்பு வரியில் நின்றுகொண்டு அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். வேர்டில் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு 1 என்ற எண்ணை அழுத்தினாலும் சரி.

பலன் என்ன? பொருளடக்கத்தைக் கம்ப்யூட்டரே பக்க எண்ணோடு போட்டுத் தரும். இயலை இடம் மாற்றினால், வேர்டில் பொருளடக்கத்தின்மேல் நின்று எஃப் 9 விசையைத் தட்ட வேண்டும். எண்கள் திருந்திவிடும். தலைப்புகளின் நிறத்தை மாற்ற வேண்டுமா? ஸ்டைலில் ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறும்.

பழைய கோப்பைச் சுத்தம் செய்ய

முதலில் கோப்பை ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். பிறகு வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. எழுத்துருவைப் பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் மறைந்துவிடும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதை மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். தமிழக அரசு 2010-ம் ஆண்டு ஜூன் மாதம் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

2. மறைந்திருக்கும் குறிகளைக் காட்டச் சொல்ல வேண்டும். ஆங்கில 'பி' எழுத்தைத் திருப்பிப் போட்டது போல ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இடைவெளி எல்லாம் புள்ளியாகத் தெரியும். குப்பை எங்கே என்று தெரிந்துவிடும்.

3. 'கண்டுபிடித்து மாற்று' வசதியில், இரண்டு இடைவெளிக்கு ஒரு இடைவெளி போடச் சொல்ல வேண்டும். மாற்ற ஒன்றும் இல்லை என்று வரும் வரை திரும்பச் செய்ய வேண்டும்.

4. வெற்று வரிகளை நீக்க வேண்டும். புதுப் பக்கம் தேவைப்படும் இடத்தில் கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒரே தட்டு!

5. கடைசியில் தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுக்க வேண்டும்.

கண் இல்லாதவருக்கும் வழி

இது வெறும் அழகு வேலை அல்ல. பார்வையற்ற மாணவர்கள் கம்ப்யூட்டரைக் காதால் படிக்கிறார்கள். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று என்.வி.டி.ஏ. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் அதைத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர். அதற்குக் கட்டணம் கிடையாது. தமிழையும் வாசிக்கும்.

அதில் ஒரு விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். ஆனால் ஒரு நிபந்தனை. தலைப்பு உண்மையான தலைப்பாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து மட்டும் போட்டிருந்தால் மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். பாவம், அந்த மாணவர் வேண்டிய இயலைத் தேடி முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகக் கேட்க வேண்டும்!

கண் உள்ளவர்கள் ஐந்து நிமிடம் செலவிட்டால், கண் இல்லாதவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அடுத்த முறை தலைப்பு அடிக்கும்போது இடைவெளி விசைக்குப் போகும் விரலைக் கொஞ்சம் நிறுத்துங்கள்!