ஆணின் மடிப்புக்குள் வாழும் பெண் புழு

1851-இல் கெய்ரோவில் பிணப் பரிசோதனை செய்த ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ், இரத்தக் குழாய்க்குள் ஒரு புழுவைக் கண்டார். இன்று அதன் பெயர் சிஸ்டோசோமா. நன்னீர் நத்தைகளில் வளர்ந்து, தண்ணீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும் ஒட்டுண்ணி இது.

தட்டைப்புழுக்களில் பெரும்பாலானவை ஆணும் பெண்ணும் ஒன்றேயானவை. சிஸ்டோசோமாவிலோ இரண்டும் தனித்தனி. ஆண் தடித்தது, அதன் உடல் மடிந்து ஒரு நீண்ட பள்ளமாகும். நூல் போன்ற பெண் அதற்குள்ளேயே பல ஆண்டுகள் வாழும்.

வியப்பு இனிமேல்தான். ஆணைச் சேராத பெண் பருவமடைவதே இல்லை. முட்டையிடும் பெண்ணைப் பிரித்துவிட்டாலோ, அதன் சூலகம் சுருங்கி முட்டையிடுவது நின்றுவிடும். மறுபடி சேர்த்தால் மறுபடி வளரும். இதற்குக் காரணம் விந்தணு அல்ல, ஆண் சுரக்கும் ஒரு சிறு வேதிப்பொருள். அமெரிக்க ஆய்வாளர்கள் 2022-இல் அதை இனங்கண்டனர். அந்தப் பொருளை மட்டும் கொடுத்தாலே, ஆண் இல்லாமலும் பெண் முட்டையிட்டது!

ஈரலில் சிக்கி மனிதரை நோயாளியாக்குபவை அந்த முட்டைகளே. அதனால்தான் ஆண் அனுப்பும் இந்த வேதிச் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து கிடைக்குமா என்ற தேடல் இவ்வளவு முக்கியமாகிறது.